ஆறாவது கிலோமீட்டரில் நிற்கும் வண்டி

என் மோட்டார் சைக்கிளுக்கு இருபத்திரண்டு வயது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். பூஜை முடிந்த நான்காம் நாள், அடையாறு பாலத்தின் நடுவில் இழுவை குறைந்தது. முறுக்கினால் இருமியது. பிறகு நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து என் வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். பாதி டாங்க் இருந்தது. உதைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

மயிலாப்பூர் வீட்டிலிருந்து கிண்டி அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்த வாரம் இன்னும் இரண்டு முறை நின்றது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நிற்காது. ராயப்பேட்டைச் சந்தில் கடை வைத்திருப்பவர். பதினைந்து வருடமாக என் வண்டியை அவர்தான் பார்க்கிறார். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும். பிளக்கை மாற்றினார். கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார். சந்தை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, "சூப்பரா கீது சார். நீங்க ஓட்றதுலதான் இன்னாவோ கோளாறு" என்றார். மறுநாள் பாலத்துக்கு அப்பால் நின்றது.

கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது, வாக்கியம் சுருங்கும். கடைக்குப் போய் நின்றபடியே சொன்னேன்: "சர்வீஸுக்கு முன்னாடி நல்லா ஓடிச்சு. அதுக்கப்புறம் நிக்குது. கார்ப்பரேட்டரை மாத்திட்டீங்க."

பழைய வண்டிகளின் அசல் பாகங்களுக்கு நல்ல விலை உண்டு. அதனால் நான் சொன்னதற்கு ஒரே அர்த்தம்தான். வாசலில் தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்த இருவர் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் சிரித்தார். "இன்னா பாய், எனுதுலயும் கை வச்சிக்கிறியா? மச்சி, உன் வண்டி பார்ட்ஸ ஒரு தபா எண்ணிப் பாத்துக்க."

பாய் ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். "பதினஞ்சு வருசம் சார்" என்றார். பிறகு, "நான் எட்த்தனா இல்லியான்றத அப்பால வச்சிக்கலாம். எங்கெங்க நின்னுச்சு, அத்த சொல்லுங்க."

குறிப்பேட்டை நீட்டினேன். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் நேரம், இடம், ஓடிய தூரம், பெட்ரோல் அளவு எல்லாம் எழுதியிருந்தேன். வரிவரியாக விரல் வைத்து மெதுவாகப் படித்தார். ஆறு கிலோமீட்டர், ஆறரை, ஆறு. டாங்கை நிரப்பிய நாளில் மட்டும் நான்கு.

"நின்னதும் இன்னா பண்ணீங்க?"

"ஓரம் கட்டினேன்."

"அப்பால?"

"பெட்ரோல் இருக்கான்னு பார்த்தேன்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

ஆமாம், ஒவ்வொரு முறையும். பெட்ரோல் அளவை எழுதியவன், அதைப் பார்க்க மூடியைத் திறந்ததை எழுதவில்லை. பத்திரிகை அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய செய்தியில் எது விடுபட்டது என்று தேடுவதற்குத்தான் எனக்கு முப்பது வருடமாகச் சம்பளம்.

பாய் பின்சீட்டில் ஏறினார். ஆழ்வார்பேட்டை, பிறகு பாலம். கிண்டி பூங்காவின் சுவரோரம் இழுவை போனது. நின்றது.

"மூடியத் தொறங்க. மெதுவா."

சாவியைத் திருப்பினேன். டாங்க் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உதைத்ததும் கிளம்பியது.

மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். அந்தத் துளையின் மேல் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம், இரண்டும் காய்ந்து கல்லாகியிருந்தன. ஆயுத பூஜையன்று என் கட்டைவிரலால் அழுத்தி வைத்த பொட்டு.

"இதை நீங்க பார்க்கவே இல்லையா?"

"பாத்தேன். வண்டி தொடச்சப்போகூட அத்த சுத்திதான் தொடச்சேன்."

"எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"சாமி பொட்டு சார்." பாய் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "போன வருசம் ஒருத்தர் வண்டில தெரியாம தொடச்சிட்டேன். நாலு பேரு கூடிட்டானுங்க. பேரு கேட்டானுங்க. எல்லாம் தெரிஞ்ச பசங்கதான், இருந்தாலும் கேட்டானுங்க. அதுலேர்ந்து கை வெக்கிறதில்ல. அதுக்கு அடில துள கீதுன்னு மண்டைல ஏறவேயில்ல."

சாவி முனையால் நானே சுரண்டினேன். அந்த நால்வர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, பாய் பார்த்துக் கொடுத்த பிறகும் வண்டி நின்றதும் என் மனதில் முதலில் வந்த சொல் திருட்டுதான் என்பதும் ஞாபகம் வந்தது.

கடைக்குத் திரும்பியபோது அந்த இருவரும் அங்கேயே காத்திருந்தார்கள். "பாய் எதையும் மாத்தலை. தப்பா பேசினது நான்" என்றேன்.

"அப்ப இன்னாதான் சார் கோளாறு?" என்று கேட்டார் சிரித்தவர்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்த பாய், நிமிராமலே தலையை இடமும் வலமுமாக லேசாக அசைத்தார். சந்தனம், பாய், சுரண்டியது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால், சாயங்காலத்துக்குள் சந்து முனையில் அது வேறு செய்தியாகியிருக்கும். யார் சுரண்டியது என்பதுதான் முதலில் மாறும்.

"மூடியில அழுக்கு" என்றேன்.

"அழுக்குக்கா சார் இம்மாம் பேச்சு பேசினீங்க?" என்று அவர் மறுபடி சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. அடுத்த வண்டியை ஸ்டாண்டில் போட்டார்.

அன்று வண்டி எங்கும் நிற்காமல் ஓடியது. உண்மையைச் சொல்ல முடியாமல்போனதை நினைத்து, கிண்டி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன்.