மூன்று பள்ளிக்கூடங்களும் ஓர் ஊடும்

சேலத்தில் மூன்று நடுநிலைப் பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அவற்றில் இடம் நிரம்ப நான்கு வாரம்தான் பிடித்தது. அந்த ஒரு வார வித்தியாசத்தில் என் மகளின் படிப்பைத் தொலைக்கப் பார்த்தேன். வேறொருவன் செய்திருந்தால் முட்டாள்தனம் என்றிருப்பேன். நானே செய்ததால் ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அடுத்தது முதல் பாரம், அதாவது இப்போதைய ஆறாம் வகுப்பு. என் மனைவியின் அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையம் பார்க்கிறவர். சித்திரையிலேயே வந்து சொல்லிவிட்டார்:

"பாருங்க மாப்பிள்ளை, புள்ள மேல படிக்குதுன்னா படிக்கட்டுங்க, நாங் குறுக்க நிக்கல. ஆனா ஆடி பொறக்கறப்பப் பள்ளிக்கூடத்துல இல்லீனா, ஆவணில எம் பையனுக்கு வெத்தலபாக்கு மாத்திப்போடலாங்க."

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. மாடு பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று கேள்வி. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளுக்குப் பதினொன்று.

அவர் படியிறங்கியதும் மனைவி சொன்னாள்: "எந்தப் பள்ளிக்கூடமானாலுஞ் செரி, தொறந்த அன்னிக்கே சேத்துப்போடுங்க."

நான் ஒரு நோட்டு வாங்கினேன்.

ரயிலடிப் பக்கத்துப் பள்ளியில் கிணறு நன்றாயிருந்தது. ஆனால் அங்கே கரும்பலகையில் ஒற்று மிகாத இடத்தில் ஒற்று மிகுந்திருந்தது. கடைவீதிப் பள்ளியில் ஒற்றெல்லாம் ஒழுங்கு, கூரைதான் ஒழுகியது. மழை நாளில் போய் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். மேற்கே இருந்த மூன்றாவது பள்ளியில் கிணறும் கூரையும் சரி. ஆனால் தலைமை உபாத்தியாயர் வாய் நிறைய, 'ஊட்டுப் பாடம்' என்றார். சங்ககிரிப் பக்கத்தில் பிறந்த நானே அச்சுக்கூடத்துக்கு வந்த பிறகு அரும்பாடுபட்டு 'வீடு' என்று சொல்லக் கற்றவன். அந்தப் பள்ளியைச் சிவப்பு மையால் அடித்தேன்.

பிறகு, இரண்டாவது மழையில் கடைவீதிக் கூரை எப்படி என்று பார்க்கக் காத்திருந்தேன். மழை வரவில்லை. ஆடிக்குப் பத்து நாள் இருந்தபோது ரயிலடிப் பள்ளிக்குப் போனேன். இடமில்லை என்றார்கள். கடைவீதிப் பள்ளிக்கு ஓடினேன். குமாஸ்தாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"ஒழுகற எடத்தையெல்லாம் எண்ணிக்கிட்டுப் போனவருதானுங்களே நீங்க? கூரை மேய்ஞ்சாச்சுங்க. எடமும் ரொம்பிப்போச்சுங்க."

வீட்டுக்கு வந்தேன். மகளின் பள்ளிக்கூடப் பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஊசியை எடுத்துச் சுவரில் குத்திவிட்டு, பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு, நான் அடித்துப்போட்ட பள்ளிக்கே போனேன்.

"ஒரே ஒரு எடம் இருக்குதுங்க" என்றார் தலைமை உபாத்தியாயர். "நாஞ் சொல்றதப் புள்ள எழுதட்டும், பாத்துக்கலாம்."

அவர் புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தார். வாய் மட்டும் வட்டாரத்து வாய். "ஒழவன் வெய்யல்ல ஒழவு ஓட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தான்." அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு சங்கடமே இல்லை. காதில் 'ஊடு' விழும், கை 'வீடு' என்று எழுதிவிடும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகள் மாலை வேளைகளில் எனக்குப் புரூப் வாசித்துக் காட்டுகிறவள். அச்சுக்கூடத்தின் முதல் சட்டத்தை அவளுக்குப் போதித்திருந்தேன். மூலப் பிரதியில் இருப்பது இருப்பதுதான், அதைத் திருத்த நமக்கு அதிகாரமில்லை.

பத்து வரியில் பதினொரு சிவப்புச் சுழி.

"ஏஞ்சாமி, இதென்ன ஊட்டுக்குன்னு எழுதியிருக்கற?"

"நீங்க சொன்னதைத்தாங்க எழுதினேன். பிரதியில இருக்கிறதைத் திருத்தக் கூடாது."

"ஆரு சொன்னது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னொரு வருசம் அஞ்சாவதே படிக்கட்டுங்க."

"ஐயா, தாங்கள் தயை கூர்ந்து" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் அசையவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு நான் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"ஏனுங்க, உங்க கால்ல உழுகறனுங்க. இன்னிக்கு இந்தப் புள்ளைய உட்டுப்போட்டா ஆவணில ஒருத்தனுக்குப் பேசி முடிச்சுருவாங்க. தப்பு எம்மேலதானுங்க, அது மேல இல்லீங்க."

பத்து வருடமாகக் கட்டிக்காத்த வகரங்கள் ஒரே மூச்சில் போய்விட்டன. மகள் என்னை அந்நியனைப் போலப் பார்த்தாள். அவர் மட்டும் முதன்முதலாக மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அட, நம்ம பக்கமுங்களா? நோட்டும் கையுமா நின்னதப் பாத்து இன்ஸ்பெக்டர் ஆபீசு ஆளுன்னல்ல நெனச்சேன்! கால்பரீட்சை வரைக்கும் கடைசி பெஞ்சில ஒக்காரட்டுங்க. அப்பறம் பாக்கலாம்."

ஆடி முதல் நாள் மைத்துனர் வந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் வெற்றிலைபாக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை மட்டும் எடுத்தார். சுழிகளை எண்ணிவிட்டு மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் விரல் வைத்து, வாய்விட்டு, கடைசி வரி வரை வாசித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, புள்ள எல்லாஞ் செரியாத்தானே எழுதியிருக்குது? அந்த வாத்தியாருக்குத்தான் தமிழ் தெரியாதாட்டம் இருக்குது. இதுக்குங்களா அஞ்சு வாரம் தேடுனீங்க?"