உள்ளே வைத்த சுவிட்ச்

எண்பதுகளில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில், பட்டுப்புடவைகளைப் பெட்ரோலில் அலசிக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தேன். அங்கே வரும் வயர்மேன் ஒல்லியான ஆள். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்ததும் அலசும் அறையின் சுவிட்சையே முறைத்துப் பார்ப்பார். அதை வெளியே மாற்றுகிறேன் என்பார். சுவரை உடைக்காதே என்பார் முதலாளி.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. புடவை களவு போகுமென்று முதலாளி வெளியே தாழ் போட்டுவிடுவார். ஒருநாள் வயர்மேனும் நானும் உள்ளே இருந்தபோது, என் கால் பட்டு பெட்ரோல் டின் கவிழ்ந்தது. நெடி கண்ணைக் கரித்தது. பயத்தில் விளக்கை அணைக்கப் பாய்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க. அணைச்சாலும் பொறி வரும்."

"மெயினை எறக்குங்க!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். முதலாளி வாசலில் யாருக்கோ புடவை காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலை சுற்றியது. நாலைந்து தடவை கத்திய பிறகுதான் விளக்கு அணைந்தது, தாழ் திறந்தது.

தெருவுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ரூமுக்குள்ள சுவிட்ச் வெச்ச மடையன் யாருங்க?"

"நான்தாங்க" என்றார்.

அப்போதும் என் மணிக்கட்டை அவர் விட்டிருக்கவில்லை.