மிச்சம் மூன்று

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் மனசில் நான் வைத்துக்கொள்ளாததை வேறு யாராவது தலையில் இறக்கிவிட்டு வந்திருப்பேன் என்பது தெரியாமலே இருந்தது. இப்போது தெரியும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் காலியாக இருக்கிற நேரத்தில் நான் தனியாக உள்ளே போவதில்லை. அங்கே ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

நான் மதுரைக்காரி. வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றலானதால் வந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் அமீர்பேட்டில் ஒரு சென்டரில், டவுன் பஸ் மாதிரி இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜாவா படித்தேன். அதை வைத்து குஷாய்குடா பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் டீச்சர் வேலை கிடைத்தது. பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு ஜாவா சொல்லிக்கொடுப்பதில் ஒரு கூத்து உண்டு. முதல் நாளே 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்று ஒரு வரியை எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு விளக்க முடியாது. ஏன் மேம் என்று யாராவது கேட்டால், இப்போது கேட்காதே, எழுது, அடுத்த வருஷம் புரியும் என்பேன். பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் எழுதிவிடும். மேம் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. ஜாவாவில் % என்ற குறிக்கு சதவீதம் என்று அர்த்தமில்லை. ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்தால் கடைசியில் எது நிற்கிறதோ அதைத் தரும். இருபத்து மூன்றை ஐந்தால் வகுத்தால் மூன்று. போர்டில் எழுதிக்கொண்டே வாய் தவறி, "மீதி மூணு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. தெலுங்கில் மீதி என்றால் 'உங்களுடையது'. "மாதி காது மேம், மீதி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரங்கு கத்தியது. எங்களுடையது இல்லை, உங்களுடையதாம். ஒரு மாதம் என் தலையைக் கண்டாலே 'மீதி மேம்' என்று முணுமுணுத்தார்கள். இனி வகுப்பில் என் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன். இங்கிலீஷ், அது முடியாவிட்டால் என் ஓட்டைத் தெலுங்கு. சபதத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நாலு வருஷம் கழித்து வந்த ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெண் இருந்தாள். தெலுங்கு வீடு, அப்பா ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். அதிகம் பேச மாட்டாள். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்திருக்கிறேன். செமிகோலன் விட்டுப்போய் புரோகிராம் ஓடாவிட்டால் மற்றதெல்லாம் "மேம், சிஸ்டம் கராப்!" என்று கம்ப்யூட்டர் கெட்டுப்போனதாகக் கூச்சல் போடும். இவள் மட்டும் திரையில் வரி வரியாக விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பாள்.

ஒருநாள் லேப் முடிந்து எல்லோரும் போனபிறகு நின்று சொன்னாள். கம்ப்யூட்டரில் நல்ல மார்க் வாங்கினால் பத்தாவதுக்கு அப்புறம் கணக்கு குரூப்பில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறாராம். இல்லாவிட்டால் படிப்பு பத்தாவதோடு சரி. "அப்ப வாங்கிட்டுப் போயேன்" என்றேன். என்னவோ கடையில் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்வதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னேன்.

வருஷக் கடைசியில் பிராஜெக்ட். ஒரு எண்ணைக் கொடுத்தால் திருப்பிப் போட்டுக் காட்டுகிற புரோகிராம். அதற்குள் அந்த % குறி வரும். அது தரும் விடையைப் போட்டுவைக்க ஒரு பெயர் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ரிமைண்டர் என்பதற்கு வெறும் 'ஆர்' என்று வைத்திருந்தன. அந்தப் பெண்ணின் பிரிண்டவுட்டில் ஆங்கில எழுத்தில் 'மிச்சம்' என்று இருந்தது. நாலு இடத்தில்.

எனக்குக் கை நின்றுவிட்டது. மீதி பாடப்புத்தகத் தமிழ். மிச்சம் எங்கள் வீட்டுத் தமிழ். சோறு மிச்சம், வேலை மிச்சம், லீவில் இன்னும் ரெண்டு நாள் மிச்சம். ஒரு தெலுங்குப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அந்த வகுப்பில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், அவர்கள் வீட்டார் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். வகுப்புக்கு வெளியே நான் தமிழில் எது கேட்டாலும் "நக்கோ மேம்" என்று ஹைதராபாத் உருதுவில் வேண்டாமென்றோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்வான். முதல் மார்க் வாங்குகிறவன். முடிந்தது, அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். போலீஸ்காரிபோல ஒரு நிமிஷத்தில் கேஸை முடித்துவிட்டேன்.

பையன் "நான் எழுதல மேம், காட் பிராமிஸ்" என்றான். பிறகு அவளைக் கூப்பிட்டேன். லேபில் நாங்கள் இருவர்தான். பிரிண்டவுட்டில் சிவப்பு மையால் சுழித்து, இந்தச் சொல் உனக்கு ஏது என்று தெலுங்கில் கேட்டேன். நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போலும். என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "அதி மீ மாட்டே, மேம்."

அது உங்க வார்த்தைதான் மேம். தெலுங்கில் 'மீ' நம் 'உங்க' போலத்தான். எதிரில் நிற்கிற ஒருத்தரை மரியாதையாகச் சொன்னாலும் அதுதான், ஒரு ஊரையே சேர்த்துச் சொன்னாலும் அதுதான். என் காதில் விழுந்தது, உங்க ஆளுங்க வார்த்தை, தமிழ்க்காரங்க வார்த்தை என்று. அடிப்பாவி, மாட்டிக்கொண்டதும் இல்லாமல் எகத்தாளம் வேறா! சுருக்கென்று வந்தது எனக்கு. "பொய்யும் சொல்லிட்டு நக்கலா? வாயை மூடு" என்றேன். அவள் மூடிக்கொண்டாள்.

பிரின்சிபால் அம்மாளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். மார்க்கோடு முடியும் என்று நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தான் என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் வேறு கதையாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் அப்பா வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் கிரீஸ். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நிச்சயமா, மேடம் காரு?"

"நூறு பர்சென்ட்" என்றேன்.

பிராஜெக்டில் சைபர். முழுப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், அங்கே கம்ப்யூட்டர் பாடமே இல்லை என்று கேள்விப்பட்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன் பத்தாவதில் முதல் பெஞ்சை விட்டுக் கடைசிக்குப் போனான். என்னைப் பார்த்தால் குட்மார்னிங் சொல்வான், அதற்குமேல் கிடையாது. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கண்டிப்பாக இருந்தால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம். புது ஒன்பதாம் வகுப்பு. மதியம் ஃப்ரீ பீரியடில் லேபில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மார்வாடிப் பெண்ணின் நோட்டில், % என்ற குறிக்கு நேராக 'மிச்சம் ஆபரேட்டர்' என்று அழகான ஆங்கில எழுத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தது. அடுத்த நோட்டிலும் மிச்சம் ஆபரேட்டர். அதற்கடுத்ததிலும். அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளைகூட இல்லை.

வகுப்புக்குப் போய் நோட்டைத் தூக்கிக் காட்டி, இதை யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டேன்.

"மீரே, மேம்!" நீங்கதான். மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

ஒரு பொடியன் எழுந்து என்னைப்போலவே புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்து, காற்றில் சாக்பீஸால் எழுதி, "ட்வென்ட்டி த்ரீ... ஃபைவ் ஃபோர்ஸ் ஆர் ட்வென்ட்டி... மிச்சம் த்ரீ" என்றான். என் குரலேதான், அந்த இழுவையோடு. எல்லோரும் கைதட்டினார்கள். மிச்சம் என்பது ஜாவாக்காரர்கள் வைத்த சொல் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பப்ளிக்கும் ஸ்டாட்டிக்கும் எப்படியோ அப்படி மிச்சமும். மீதியை நான் வாசலில் பூட்டிவைக்க, மிச்சம் பின்வாசல் வழியாக வருஷக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

அதி மீ மாட்டே, மேம். அது உங்க வார்த்தைதான். ஊருடையது இல்லை, நீங்க சொன்னது. அந்தப் பெண் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் பேசியதை அத்தனை பேரைவிடவும் கவனமாகக் கேட்டவள், கேட்டதைப் புரோகிராமில் வைத்தவள், அதற்காகவே தண்டிக்கப்பட்டாள். தண்டித்தவள் நான்.

அன்றிலிருந்துதான் அந்தக் குரல். லேபில் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்போது, திரைகள் எல்லாம் கறுப்பாக இருக்கும்போது, இடதுபக்கம் அவள் நின்ற இடத்திலிருந்து வரும். கோபமாகச் சொன்னாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அது மரியாதையாகத்தான் சொல்கிறது. சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் ஒருமுறை கேட்டு, "தெரியாமப் போச்சுடி!" என்று நான் வாய்விட்டுச் சொல்ல, வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிரின்சிபாலிடம் போனேன். "போன வருஷ விஷயம், விடுங்க மேடம். இப்போ கிளறினா ஸ்கூல் பேர்தான் கெடும்" என்றார். அலுவலக ரிஜிஸ்டரைப் புரட்டி அவள் அப்பாவின் நம்பரை நானே எழுதிக்கொண்டு வந்தேன். அவள் இன்னும் பத்தாவது முடிக்கவில்லை. கணக்கு குரூப்பா, வீடா என்பது இன்னும் முடிவாகாமல் இருக்கலாம். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் நின்று போன் போட்டேன்.

அவரே எடுத்தார். என் தெலுங்கு தட்டுத்தடுமாற எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது, பையன் எழுதவில்லை, அவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று.

"அன்னைக்கே சொன்னா, மேடம் காரு" என்றார் தெலுங்கில், மெதுவாக. "வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இதையேதான் சொன்னா. மேம் பேசின வார்த்தைதான்ப்பா, நோட்டைக் காட்டறேன்னு. நான் பார்க்கல."

"ஏங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டீச்சர் எதுக்குத் தப்பாச் சொல்லப்போறாங்கன்னு நெனச்சேன். ரோட்டுல வெச்சே ரெண்டு அடி அடிச்சேன், மேடம். அதுவரைக்கும் அவமேல கை வெச்சதில்ல. அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேசறது நின்னுபோச்சு. சாப்பாடு, காசு, பஸ்ஸு, அவ்வளவுதான்."

பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூப்பிட்டார். "தல்லீ!" நம் ஊர் 'அம்மாடி' மாதிரி. மறுபடி கூப்பிட்டார். காலடிச் சத்தம் கேட்டது. அவர் அவளிடம் அவசர அவசரமாக ஏதோ சொன்னார், அதில் மேடம் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் போனை வாங்குவாள் என்று நான் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகத் தெலுங்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவள் போனை வாங்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு இடமில்லை. இத்தனை மாதமாக என்னிடம் அல்ல, அப்பாவிடம் கேட்க வைத்திருந்ததை அவள் கேட்டாள்.

"இப்புடு நம்முதாவா, நான்னா?"

இப்பவாவது நம்புவியா அப்பா. அவர் அழுதார். நான் போனை அணைத்தேன்.