கொழும்பில் எண்ணெய் நிரப்பிய விமானங்கள்

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தின் லோண்ட்ரி நிலக்கீழ் அறையில் இருக்கிறது. ஞாயிறு காலையில் எனக்கும் கீழ்வீட்டு வங்காளிக்கும் அங்கேதான் சந்திப்பு. உடுப்புச் சுழலும் நேரம் முழுவதும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து அரைகுறை ஆங்கிலத்தில் கதைப்போம். அவருக்கு எழுபது வயது. பாய் என்று கூப்பிடுவேன்.

எங்கள் இருவருக்கும் பொதுக் கதை ஒன்று இருந்தது. உருதுதான் அரச மொழி என்று அவர்களுக்குச் சொன்னார்கள், சிங்களம்தான் என்று எங்களுக்கு. அவர்கள் வோட்டுப் போட்டு வென்றும், மேற்குப் பாகிஸ்தான் ஆட்சியைக் கொடுக்காமல் இராணுவத்தை ஏவிவிட்டது. எழுபத்தொன்றில் ஒன்பது மாதம் கொலையும் போரும். கடைசியில் அவர்களுக்கு நாடு கிடைத்தது, எங்களுக்கு மொன்றியல் கிடைத்தது. இதைச் சொன்னால் பாய் சிரிப்பார்.

அவருடைய அண்ணன் டாக்காவில் பல்கலைக்கழக மாணவர். இராணுவம் புகுந்த முதல் இரவிலேயே விடுதியில் சுட்டுவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. சலவைக்குக் கொடுத்திருந்த இரண்டு சட்டைகள்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தன என்று ஒருநாள் சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும். போன மாசி மாதம் அவரைச் சிரிக்க வைக்க நினைத்து, அப்பாவின் கதையைச் சொன்னேன். கொழும்பு விமான நிலையத்தில் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புவதுதான் அப்பாவின் வேலை. நான் பிறந்த புதிதில், பாகிஸ்தான் விமானம் ஒன்றில் வந்த பெடியன் அவருக்குப் பேரீச்சம்பழப் பொதி ஒன்றைக் கொடுத்தானாம். மொழி விளங்காமல் அப்பா அவனுக்குச் சல்யூட் அடித்தாராம். நான் பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுக்கு வந்தவர்களுக்கு அந்தப் பழத்தைத்தான் கொடுத்தார்களாம்.

பாய் சிரிக்கவில்லை.

"எந்த வருடம், எந்த மாதம்?" என்று கேட்டார்.

"எழுபத்தொன்று, மார்ச்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியா தன் வானத்தை மூடியிருந்தது. அதனால் சிப்பாய்களைச் சாதாரண உடுப்பில் ஏற்றி, கொழும்பில் எண்ணெய் நிரப்பித்தான் டாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த விமானங்கள் டாக்காவுக்குப் போனவை என்று எனக்கு அதுவரை தெரியாது.

"உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா, அவர்கள் யாரென்று?"

"தெரியாது," என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அதுதானே. ஏழைத் தொழிலாளிக்கு யார் சொல்லப்போகிறார்கள்?" என்று என் தோளைத் தட்டினார். பிறகு, நான் தனியே மடிக்கத் திண்டாடிய கட்டில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துத் தந்தார்.

அப்பா இந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்தைச் சேர்த்துத்தான் சொல்வார். பாயிடம் அதை மட்டும் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். "சேர்ட்டுத்தான் சிவில், காலிலை போட்டிருந்தது ஆமிச் சப்பாத்து. சண்டைக்குத்தான் போறாங்கள் எண்டு முதல் நாளே எங்களுக்கு விளங்கீட்டுது. கேட்டால் வேலை போயிடும், ஆரும் கேக்கேல்லை."

அப்பா இறந்து பத்து வருடமாகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தன் அண்ணனுக்காகத் துவாக் கேட்கும்போது, என் அப்பாவுக்காகவும் சேர்த்துக் கேட்பதாகப் பாய் போன கிழமை சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.