மீனுக்குப் பசி என்று நினைத்தோம்

பிள்ளைகளே, நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவன். இது என் கண்ணால் பார்த்தது, கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

எழுபதுகளில் நாங்கள் கரமனை ஆற்றைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்னால் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். தண்ணீர் நின்று குளமாகியிருந்தது. சுற்றிலும் வாழைத் தோட்டம். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி அந்தக் குளத்தில் கெண்டை வளர்த்தார். அவர் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். கட்டிலுக்கு மேலே கூரையெல்லாம் பொத்தல். வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் மீனை விற்று ஓலை மேய்ந்துவிட வேண்டும், அதுதான் சேச்சியின் ஒரே நினைப்பு.

அந்த வருஷம் ஒரு கோடை மழை பெய்து, வாழைக்குப் போட்ட உரத்தையெல்லாம் குளத்தில் கொண்டு சேர்த்தது. பிறகு ஒரே வெயில். தண்ணீர் கொத்தமல்லிச் சட்னி மாதிரி பச்சையாகிவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம். மீனுக்குத் தீனி தானாகவே விளைகிறதே! சேச்சி சாணி கரைத்து ஊற்றினார். நாங்களும் கஞ்சித்தண்ணியை மதிலுக்கு மேலாகக் கொட்டினோம்.

ஒருநாள் விடியற்காலை பார்த்தால், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சேச்சி நெஞ்சில் கை வைத்தார்.

"பாவம், நல்ல விசப்பு அண்ணாச்சி! சோத்துக்கு வாய் திறக்கிற பிள்ளைங்க மாதிரி இல்லையா?"

பார்த்தால் பசி மாதிரியேதான் இருந்தது. ஊறவைத்த புண்ணாக்கை அள்ளிப் போட்டார். ஒரு மீனும் தொடவில்லை.

"என்ன சேச்சி, உங்க சமையல் பிடிக்கலையா?" என்று நான் கேலி செய்தேன்.

மறுநாளும் அப்படியே. இன்னும் அதிகமாகப் போட்டார். அதற்கடுத்த நாள் கரையோரம் வெள்ளை வெள்ளையாக வயிறுகள் மிதந்தன. சேச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து கணவர் குரல்: "எந்தா? எந்தா அங்கே?"

"ஒந்நும் இல்ல. நீங்க கிடங்க."

குளத்தங்கரையில் குடம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவிதான் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க! நான் தண்ணி ஊத்துற இடத்துக்கு ஓடி வருதுங்க. பசின்னா புண்ணாக்குகிட்டப் போவும்லா? இதுகளுக்கு மூச்சு முட்டுது."

பிறகு என்ன! நான் தென்னமட்டையால் தண்ணீரை அடித்தேன். அவள் குடத்தை உயரத் தூக்கி ஊற்றினாள். குளத்துப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி வளர்த்த என் பிள்ளைகளைப் பார்த்து நானே கத்தினேன்: "ஓரத்துல இறங்கி அடிங்கடா!"

"மெய்யாவாப்பா?"

"மெய்யாத்தான்!"

தெருப் பிள்ளைகள் முழுக்க வந்துவிட்டார்கள். அந்தக் கூச்சலில் கொத்தனார் உள்ளேயிருந்து, "குளத்துக்குள்ள கல்யாணமா நடக்குது?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த சேச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் ஏறும்வரை அடித்தோம். ஏறக்குறைய பாதி மீன் பிழைத்தது.

பிறகு மீன்வள அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். உரமும் சாணியும் சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் அது தண்ணீருக்குக் காற்றைக் கொடுக்கும், இருட்டினால் அதுவே எடுத்துக்கொள்ளும். தின்னாமல் அழுகும் புண்ணாக்கும் காற்றை எடுக்கும். போதாததற்குச் சூடேறிய தண்ணீரில் காற்று தங்குவதே குறைவு. விடியும்போது மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் குளம் நிரம்பினால் ஓடை வழியாக ஆற்றுக்குப் போகும். ஆறு கடலுக்குப் போகும். இப்போது காயலும் கடலோரமும் வருஷத்துக்கு வருஷம் சூடேறுகின்றன என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அந்த வாய்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். எத்தனை வயல் உரம், எத்தனை வீட்டுச் சாக்கடை அங்கே போய்ச் சேருகிறது! அத்தனை பெரிய தண்ணீரை மட்டையால் அடிக்க முடியுமா?

மிஞ்சிய மீனை விற்றுச் சேச்சி கட்டிலுக்கு மேலே மட்டும் புது ஓலை போட்டார். அடுக்களை அந்த மழையிலும் ஒழுகியது. மழை விட்டதும் மறுபடி குஞ்சு விட்டார். என் மனைவி பழக்கத்தில் கஞ்சித்தண்ணியோடு மதில் பக்கம் போனால், "அக்கா, அங்க வேண்டா! வாழை மூட்டுல ஊத்து!" என்று சத்தம் வரும்.

தினமும் விடியற்காலை போய்க் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்குச் சொல்வார்:

"வாயெல்லாம் மூடியிருக்கு அண்ணாச்சி!"