மருமகளின் மேட்ரிக்ஸும் மாமியாரின் கோழிகளும்

ஒரு சமன்பாட்டைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்க முடியுமா? போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது — நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில்!

கவிதா என் கல்லூரித் தோழி. புள்ளியியல் படித்தவள். வாக்கப்பட்ட வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. நடத்துவது மாமியார் செல்வியம்மா. தீவனக் கலவைக்கு இனி நான் கணக்குப் போடட்டுமா என்று இவள் கேட்க, "போட்டுக் காட்டு சாமி, அப்பறம் பாக்கலாம்" என்றிருக்கிறார். அன்றுதான் காட்டும் நாள். இவளுக்கு ஒரே பதற்றம். எனக்கு? வேடிக்கை பார்க்கும் உற்சாகம்தான்.

லேப்டாப்பைத் திறந்தாள். 'ஆர்' என்கிற புள்ளியியல் புரோகிராமிங் மொழியாம். திரையில் ஒரு மேட்ரிக்ஸ்... அதாவது, வரிசை வரிசையாக வெறும் எண்கள்.

செல்வியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏஞ்சாமி, இதுல எது சோளம், எது சோயா? எனக்கே புரியாதத எங்கோழிக்கு எப்படிப் போடறது?"

நியாயம்தானே? கவிதாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"இருங்கத்தை" என்று இன்னொரு வரி தட்டினாள். அவ்வளவுதான்! அதே எண்கள் பெயரோடு, கூட்டல் குறியோடு, படிக்கிற மாதிரி சமன்பாடுகளாக இறங்கின. முதல் வரி புரோட்டீனுக்கு, அடுத்தது கால்சியத்துக்கு. சோளத்தில் இவ்வளவு, சோயாவில் இவ்வளவு, கிளிஞ்சலில் இவ்வளவு. எல்லாம் சேர்ந்தால் கோழிக்கு வேண்டியது.

செல்வியம்மா விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று நின்றார்.

"ஏங்கண்ணு... கிளிஞ்சல்ல புரோட்டீனா? சோயாவுல கால்சியமா?"

"ஐயோ! ரெண்டுக்கும் பேர மாத்திப் போட்டுட்டனுங்கத்தை!"

புரோட்டீனுக்குத்தான் சோயா; முட்டை ஓடு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கால்சியத்துக்காகக் கொஞ்சம் கிளிஞ்சல் சேர்ப்பார்கள். இந்தக் கணக்குப்படி கலந்திருந்தால், கோழிகள் சோயாவுக்குப் பதில் கிளிஞ்சலைக் கொறித்துக்கொண்டு நம்மை முறைத்திருக்கும். முதலில் சிரித்தது செல்வியம்மாதான். அப்புறம் நாங்கள் மூவரும்... கண்ணில் தண்ணீர் வரும்வரை.

பெயர்களைத் திருத்திவிட்டு, போச்சு என்று உட்கார்ந்திருந்தாள் கவிதா.

"தப்பு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியுதல்ல? அப்ப இந்தக் கணக்க நம்பலாம். நாளைக்கு உங்கணக்குலயே அரைச்சரலாம் சாமி" என்றார் செல்வியம்மா.

எத்தனை மேதாவிகள் யாருக்கும் புரியாதபடி பேசியே தங்கள் தப்பை மறைத்துக்கொள்கிறார்கள்! புரியும்படி சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் — நம்பிக்கையும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

கவிதா குதித்த குதியில் லேப்டாப் மேஜையிலிருந்து சரிந்தது. எட்டிப் பிடித்தது யார் தெரியுமா? மாமியார்!

"பாத்து சாமி... இனிமே இது நம்ம பண்ணை லேப்டாப்பு!"