ஏழாவது ஜாடி

கனகாவுக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்க வேண்டும். தேங்காயைத் தட்டுவாள், பானைக் கடையில் பானையைத் தட்டுவாள். சரி, அது எல்லோரும் செய்வதுதான். பஸ் கண்ணாடியையும் டாக்டரின் மேசையையும் தட்டினால் என்ன சொல்வது? அவள் புருஷன் மாயவன் ஒரு பேச்சு வைத்திருந்தான். "நல்லவேள, நான் பொண்ணு பாக்கப் போனப்ப இவ இந்த வேலைக்குப் போவல. எந்தலையத் தட்டிப் பாத்துட்டு ஓரமா ஒதுக்கி வச்சிருப்பா."

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்கிற ஒரு சின்ன பீங்கான் கம்பெனி. சூளையிலிருந்து வந்து ஆறிய ஜாடிகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்ட வேண்டும். 'டிங்' என்றால் நல்ல ஜாடி, பெட்டிக்குள் போகும். 'டொக்' என்றால் உள்ளே எங்கோ விரிசல், ஓரத்துக் குவியலுக்குப் போகும். கனகா வயிற்றில் இரண்டு, விளிம்பில் ஒன்று என்று மூன்று தட்டுவாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மாரியம்மாள் ஒரே தட்டுதான். அவள் கனகாவைவிடப் பதினைந்து வயது மூத்தவள்.

அந்த மாரியம்மாளை வேலையை விட்டு அனுப்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு லோடில் பன்னிரண்டு ஜாடிகள் எண்ணெய் கசிந்து திரும்பி வந்தன. இரண்டு பேரும் தட்டிய ஜாடிகள் ஒரே பெட்டிக்குள்தான் போகும். யார் விட்ட ஜாடி என்று எப்படிச் சொல்வது? சூப்பர்வைசர் சாமிதுரைக்கு அந்தக் குழப்பமெல்லாம் வரவில்லை. "வயசாயிடுச்சி, காது மந்தமாயிடுச்சி" என்று மூத்தவளை அனுப்பிவிட்டார். கனகா வாயைத் திறக்கவில்லை. தன் காதின் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. மாரியம்மாள் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டியதாகச் சொன்னார்கள். மனுஷரிடம் நியாயம் கிடைக்காதவர்கள் அந்தச் சாமியிடம் சீட்டெழுதிப் புகார் கொடுப்பது வழக்கம். கட்டினால் கட்டட்டும் என்று கனகா விட்டுவிட்டாள்.

2007 ஆடியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜெராக்ஸ் கடை நந்தகுமார் அவளைத் தேடிக்கொண்டு கம்பெனிக்கு வந்தான். கடை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிற ஆள். கொளஞ்சியப்பர் மேல் ஆறு பாட்டுப் போட்டிருந்தான். சென்னையில் ஒரு கம்பெனி அதை சிடியாகக் கொண்டுவர ஒப்புக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு தாளமும் யாருடையது என்று எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கித் தரச் சொன்னது.

ஐந்து பாட்டுக்கு அவனே கீபோர்டில் தட்டியது. கேட்டவர்களெல்லாம் தலையாட்டிய ஆறாவது பாட்டில்தான் வில்லங்கம். அதன் தாளம், கைக்குக் கை மாறி வந்த ஒரு சிடியில் 'டெஸ்ட் 4' என்ற பெயரில் கிடந்தது. கொடுத்தவனைக் கேட்டால் மங்கலம்பேட்டையில் ஒரு செல்போன் கடையைக் காட்டினான். கடைக்காரர் அலாவுதீன், "அது எந்தம்பி அசீம் வச்சிட்டுப் போனதுங்க" என்றார். அசீம் துபாயில் இருந்தான். போன் போட்டுக் கேட்டால் சிரித்தான். "அது மேளமே இல்லண்ணே. லீவுல வந்தப்ப புதுசா ஒரு ரெக்கார்டர் கொண்டாந்தேன். உங்க ஊரு ஜாடிக் கம்பெனில ரெண்டு அக்கா ஒக்காந்திருந்தாங்க. ஒருத்தங்க தட்டுனத புடிச்சேன்." எந்த அக்கா என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"மொத்தம் எட்டு ஜாடிதான்க்கா. அதையே திருப்பித் திருப்பி ஓட வுட்டிருக்கேன்" என்று நந்தகுமார் தன் போனில் மாட்டியிருந்த இயர்போனை நீட்டினான். "உங்க கையான்னு கேட்டுச் சொல்லுங்க. சிடி அட்டைல பேரு போட்டுடறேன்."

வயிற்றில் இரண்டு, விளிம்பில் ஒன்று. முதல் ஜாடியிலேயே கனகாவுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. ஏழாவது ஜாடி வந்தது. டொக், டொக், டொக். கை நிற்காமல் எட்டாவதுக்குப் போனது.

"அந்த டொக்குதான்க்கா பாட்டுக்கே உசுரு" என்றான் நந்தகுமார்.

விரிசல் ஜாடியைத் தூக்கி ஓரம் வைக்க ஒரு மூச்சு நேரமாவது ஆகும். இந்தக் கை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கனகாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. "நிறுத்தாம தட்டுங்கக்கா, நிறுத்துனா கெட்டுடும்" என்று அசீம் ரெக்கார்டரை நீட்டியது. தன் சத்தம் குறுக்கே வரக்கூடாதென்று மாரியம்மாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. விரிசலையெல்லாம் அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம் என்று இவள் அரைமணி நேரம் தட்டித் தள்ளியது. பிறகு டீ வந்தது, லாரி வந்தது, அவள் மறந்தே போனாள். அந்த லோடுதான் திரும்பி வந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. 'என் கை இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நந்தகுமார் வேறு தாளம் போட்டுக்கொள்வான். ஒத்துக்கொண்டால் விஷயம் சாமிதுரை வரைக்கும் போகும், பத்தொன்பது வருஷத்து வேலையும் போகும்.

"தம்பி, சாயந்தரம் அந்தப் போன எடுத்துக்கிட்டு எங்கூட ஒரு எடத்துக்கு வா" என்றாள்.

மாரியம்மாள் ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாமிதுரை சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டிருந்தாள். எதைச் சொன்னாலும் இரண்டு தரம் கேட்பாள். பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். யாராவது வரும்வரை நின்று, வண்டி வருதா என்று கேட்டபிறகுதான் காலை எடுத்து வைப்பாள்.

கனகா ஒன்றும் விளக்கவில்லை. இயர்போனை அவள் காதில் வைத்து, "இதக் கொஞ்சம் கேளுக்கா" என்றாள்.

மாரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஈரக்கை விரல் ஒன்று மேலே போனது. "இது வெடிச்ச ஜாடி." பாட்டு ஓடியது. மறுபடி அதே இடத்தில் விரல் எழுந்தது. "ஏழாவது. மறுபடியும் ஏழாவது. யாருடி இவ, எடுத்து ஓரம் போடாம போய்க்கிட்டே இருக்கா?"

"நாந்தான்க்கா" என்றாள் கனகா. "அன்னிக்கி அந்தத் தம்பி வந்து புடிச்சிக்கிட்டுப் போனது. பன்னெண்டும் நான் வுட்டதுதான்."

மாரியம்மாள் இயர்போனைக் கழற்றி நந்தகுமாரிடம் கொடுத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கி சாமிதுரைகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். பிராதுல எம்பேரு இருந்தா..." என்று இழுத்தாள் கனகா.

"ஒம்பேர எதுக்கு எழுதப்போறேன்? எங்காது மேலதான் பிராது கட்டுனேன். இத்தன வருஷம் கூட இருந்துட்டு இப்பிடி ஏமாத்திப்புடுச்சேன்னு."

நந்தகுமார் தாளை நீட்ட, கனகா கையெழுத்துப் போட்டாள். அட்டையில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து மாரியம்மாள் கிளம்பினாள். கனகா பின்னாலேயே போனாள். தண்டவாளத்தருகே மாரியம்மாள் வழக்கம்போல நின்றாள். கேட்பாள் என்று கனகா பக்கத்தில் போனாள். மாரியம்மாள் யாரையும் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே கடந்து அந்தப் பக்கம் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கனகா நின்றுகொண்டே இருந்தாள். அவள் பார்க்கவில்லை.